பத்து நாள் விபாசனா முகாமுக்கு முதல்முறை போகிறவருக்கு: விடுப்புக் கணக்கு முதல் வீடு திரும்பிய பின் வரை

அலுவலகக் கெடு, வீட்டுக் கடன் தவணை, பிள்ளையின் தேர்வு, அம்மாவின் சர்க்கரை, இரவு 11 மணிக்கும் அடங்காத வாட்ஸ்அப். இவையெல்லாம் தோளில் ஏறி உட்கார்ந்த பிறகு யாராவது ஒருவர் உங்களிடம் சொல்லியிருப்பார்: “ஒரு பத்து நாள் விபாசனாவுக்குப் போய்விட்டு வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்.” சொன்னவர் அதோடு நிறுத்திக்கொள்வார். எத்தனை நாள் விடுப்பு எடுப்பது, படிவத்தில் எதை எழுதுவது, மாத்திரை சாப்பிடுகிறவர் போகலாமா, முதுகுவலிக்காரர் எப்படி உட்காருவது, வீட்டில் அவசரம் என்றால் யார் சொல்வார்கள் என்பதையெல்லாம் நான் ஒவ்வொருவரிடமும் துருவித் துருவிக் கேட்டுத்தான் சேகரிக்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

விபாசனா என்பது உடலில் எழும் உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பில்லாமல் கவனிக்கும் தியான முறை. இங்கே சொல்வதெல்லாம் தியான ஆசிரியர் எஸ். என். கோயங்கா வகுத்த முறையில் நடக்கும் உறைவிட முகாம்களைப் பற்றி மட்டும். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் தம்ம மதுரா. இலங்கையில் இருப்பவர்களுக்குப் பேராதனைக்கு அருகே தம்ம கூட. எங்கே போனாலும் விதிகளும் கால அட்டவணையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. உடம்பைப் பரிசோதித்துவிட்டு முகாமைப் பற்றி யோசியுங்கள்

படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல், தீராத சோர்வு ஆகிய எல்லாவற்றுக்கும் ‘டென்ஷன்’ என்று ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறோம். தைராய்டு சுரப்பு கூடினாலும் நெஞ்சு படபடக்கும். ரத்தசோகை இருந்தாலும் மாடி ஏறும்போது மூச்சு வாங்கும். குறட்டையோடு மூச்சு தடைபடும் கோளாறு இருந்தால் எட்டு மணி நேரம் தூங்கினாலும் களைப்பு போகாது. இவற்றுக்குக் கண்ணை மூடி உட்கார்ந்து பயனில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு நான்கையும் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் கேட்டாலே போதும். பெரிய செலவு இல்லை.

அடுத்தது மனம். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு போன்றவற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்த முகாமை நடத்துபவர்களே பரிந்துரைப்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் தொண்டர்கள். மனநல மருத்துவர்கள் அல்லர். பத்து நாள் பேச்சில்லாமல் தன்னோடு தனித்து இருப்பது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் மனதை இன்னும் ஆட்டிவிடக்கூடும். அண்மையில் நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்கள், குடியை நிறுத்திச் சில வாரங்களே ஆனவர்கள், அடிக்கடி பீதி வந்து மூச்சுத் திணறுகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

முகாமுக்காக மனநல மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ நீங்களாகவே நிறுத்தாதீர்கள். ‘மாத்திரை சாப்பிட்டால் சேர்க்கமாட்டார்கள், அதனால் ஒரு மாதம் நிறுத்திவிட்டுப் போகிறேன்’ என்று கணக்குப் போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் உள்ள பொறிகளில் ஆபத்தானது இதுதான்.

இதையெல்லாம் கடந்துவிட்டீர்கள், உங்களுடையது அன்றாட அழுத்தம்தான் என்றால், ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: முகாம் ஓய்வு விடுதி அல்ல. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம். பலருக்கு அலுவலக வேலையைவிட இதுதான் கடினமாக இருக்கும். களைப்பாறத்தான் போக வேண்டும் என்றால் ஏற்காட்டுக்குப் போகலாம்.

2. ஒரு மாதம் முன்பே வீட்டில் ஒத்திகை

இதை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் முதல் நான்கு நாள்களில் பெரிய வித்தியாசம் தெரியும்.

தரையில் உட்காருங்கள். சாப்பிடும்போது, காய் நறுக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது நாற்காலியை விடுங்கள். 10 நிமிடத்தில் தொடங்கி, மாத முடிவில் முக்கால் மணி நேரமாவது முதுகைச் சுவரில் சாய்க்காமல் உட்காரப் பழகுங்கள். உட்காரும் இடத்தை மடித்த போர்வையால் சற்று உயர்த்தி, முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் முதுகு தானாகவே நிமிரும்.

காபியைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் காபி குடிப்பவருக்கு அது திடீரென்று நின்றால் மறுநாளே தலைவலி வரும், சில நாள்கள் நீடிக்கவும் செய்யும். முகாமில் அந்தத் தலைவலியைத் தியானத்தின் விளைவு என்று எண்ணிக்கொண்டு தவிப்பவர்கள் உண்டு. வாரம் ஒரு டம்ளராகக் குறைத்துக்கொண்டு வந்தால் இந்தத் தொல்லை இல்லை. வெற்றிலைப் பாக்கு, புகையிலை, சிகரெட் எதற்கும் உள்ளே இடமில்லை. அவற்றையும் இதே மாதத்தில் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரவு உணவை ஏழு மணிக்குள் எளிதாக முடித்து, 10 மணிக்குப் படுத்து, ஐந்துக்கு எழுந்து பாருங்கள். அங்கே நான்கு மணிக்கு மணி அடிக்கும்.

மூச்சைக் கவனிப்பதையும் வீட்டிலேயே தொடங்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கு வழியாகக் காற்று உள்ளே போவதையும் வெளியே வருவதையும் வெறுமனே கவனியுங்கள். நீட்ட வேண்டாம், எண்ண வேண்டாம், மந்திரம் சொல்ல வேண்டாம். காலையில் 10 நிமிடம், இரவில் 10 நிமிடம். பிராணாயாமம் பழகியவர்களுக்கு இது எளிது என்று நினைப்பீர்கள்; அவர்களுக்குத்தான் கடினம். கை தானாக மூச்சின் கடிவாளத்தைப் பிடிக்கும். நாடிசுத்தி, பிராமரி போன்ற பிராணாயாம வகைகள் குறையுள்ளவை அல்ல. மெதுவாக மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது உடலின் இயல்பு. அந்த வகையில் அவையும் அழுத்தத்துக்கு நல்ல பயிற்சிகளே. ஆனால் முகாமில் வேலை வேறு. அங்கே மூச்சு எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்க வேண்டும்.

3. விடுப்புக் கணக்கு: பத்து அல்ல, பன்னிரண்டு

‘பத்து நாள் முகாம்’ என்ற பெயரை நம்பிப் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம். நீங்கள் போய்ச் சேரும் பிற்பகல் கணக்கில் வராத நாள். அதன்பின் முழுதாகப் பத்து நாள். பதினோராம் நாள் காலையில்தான் வெளியே விடுவார்கள். ஆக, நாள்காட்டியில் 12 கட்டங்கள்.

இந்தியாவில் பல முகாம்கள் புதன்கிழமை தொடங்கி, அடுத்த வாரத்து ஞாயிறு காலை முடியும். சனி, ஞாயிறு விடுமுறை உள்ளவருக்கு இதில் எட்டு வேலை நாள்கள் போகும்; சனிக்கிழமையும் வேலை உள்ளவருக்குப் பத்து. இதோடு திரும்பி வந்த பிறகு ஒரு நாளை, அதாவது திங்கள்கிழமையை, கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைப் பத்தாம் படியில் சொல்கிறேன்.

மார்ச் கணக்கு முடிப்பு, பிள்ளைகளின் பொதுத்தேர்வு, வீட்டில் திருமணப் பேச்சு, வழக்கு வாய்தா ஆகியவை நெருங்கும் தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். பாதியில் வெளியேறமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே போகிறீர்கள். சென்னைப் பக்கத்து வெயில் தாங்காதவர்கள் ஏப்ரல், மே மாதங்களையும், ஈரத்துணி காயாமல் அல்லாட விரும்பாதவர்கள் நவம்பரையும் விட்டுவிடலாம். என் கணிப்பில் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள நாள்கள் நல்லவை. அதனாலேயே அவை முதலில் நிரம்பும்.

4. விண்ணப்பம்

விண்ணப்பம் இணையத்தில்தான். விபாசனா அமைப்பின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மையத்தைத் தேர்ந்தெடுத்தால் அட்டவணை வரும். ஒவ்வொரு தேதிக்கு நேராகவும் ஆண், பெண், புதிய மாணவர், பழைய மாணவர் என்று இடநிலை காட்டுவார்கள். நீங்கள் புதிய மாணவர். வேறு எத்தனை ஆண்டு தியானம் செய்திருந்தாலும், இந்த முறையில் ஒரு பத்து நாள் முகாமை முடிக்காதவரைப் புதியவர்தான். ‘பழைய மாணவர்களுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கும் மூன்று நாள், ஒரு நாள் முகாம்களில் முதலில் எட்டிப் பார்க்கலாம் என்று முயன்றால் நடக்காது. புதியவருக்குக் குறுக்குவழி இல்லை.

படிவத்தைத் தொடங்குமுன் இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டை, சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும், பழைய அறுவை சிகிச்சை விவரம், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் எண், இதற்கு முன் கற்ற தியான, யோக முறைகளின் பெயர்கள். கைப்பேசியில் அவசரமாக நிரப்பாமல் உட்கார்ந்து நிதானமாக நிரப்புங்கள்.

உடல்நலம், மனநலம், மது, போதைப் பழக்கம், மருந்துகள், கருவுற்றிருப்பது பற்றிய கேள்விகள்தான் மையமானவை. ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று தட்டிவிட்டுப் போவது பரவலான பழக்கம். உண்மையை எழுதுங்கள். முதுகுத்தண்டில் சிக்கல் என்று எழுதினால் சேர்க்கமாட்டார்கள் என்பதில்லை. நாற்காலியோ முதுகுத் தாங்கியோ ஏற்பாடு செய்யத்தான் அந்தக் கேள்வி. சர்க்கரை நோய் என்று எழுதினால் உணவு நேரத்தைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். சில பதில்களுக்கு மருத்துவரின் கடிதம் கேட்பார்கள். அதற்குச் சில நாள்கள் ஆகும் என்பதால், சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி வாங்கி வைத்துவிடலாம். ‘பத்து நாள் உறைவிடத் தியானம், மதியத்துக்குப் பின் முழு உணவு இல்லை, அதிகாலை நான்கு மணிக்கு எழ வேண்டும்’ என்று மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். வெறும் ‘யோகா கேம்ப்’ என்றால் அவர் யோசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று குறிப்பிடுங்கள். மாலை நேர உரையை ஆங்கிலத்தில் கேட்டால்தான் சிறப்பு என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது. நாள் முழுவதும் உட்கார்ந்து களைத்த மூளைக்கு இரவு ஏழு மணிக்குத் தாய்மொழிதான் இதமாக இருக்கும்.

கணவன், மனைவி, நண்பர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் அதையும் படிவத்தில் சொல்ல வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் எல்லாம் தனித்தனி. நண்பர்களும் உள்ளே பார்த்துக்கொண்டு சிரிக்கக் கூடாது. என்னைக் கேட்டால், முதல்முறை தெரிந்தவர் துணை இல்லாமல் போவதே மேல்.

5. அனுப்பிய பிறகு காத்திருப்பது

விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று முதலில் ஒரு மின்னஞ்சல் வரும். அது இடம் கிடைத்ததற்கான கடிதம் அல்ல. அதை நம்பி ரயில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அதன்பிறகு உறுதி, காத்திருப்புப் பட்டியல், மறுப்பு ஆகிய மூன்றில் ஒன்று வரும். உறுதி கிடைத்தவர்களிடமும் முகாம் நெருங்கும்போது ‘வருகிறீர்கள்தானே’ என்று மறுபடி கேட்பார்கள். பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும். இந்தக் கடிதம் ஸ்பாம் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்வது வழக்கம். வாரம் இருமுறை அதையும் திறந்து பாருங்கள்.

காத்திருப்புப் பட்டியலில் இருந்தால் நம்பிக்கை இழக்க வேண்டாம். கடைசி வாரத்தில் நிறையப் பேர் விலகுவார்கள். கிளம்பும் தேதிக்குச் சில நாள் முன்னர்கூட அழைப்பு வரலாம் என்பதால், விடுப்பை மேலாளரிடம் வாய்மொழியாகவாவது சொல்லி வைத்திருங்கள். நீங்கள் போக முடியாது என்றாலும் தயவுசெய்து எழுதித் தெரிவியுங்கள். உங்கள் பின்னால் ஒருவர் மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

6. செலவு

கற்பித்தலுக்கும் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் கட்டணம் இல்லை. ஏற்கெனவே முகாம் முடித்தவர்கள் கொடுத்த நன்கொடையில் உங்கள் முகாம் நடக்கிறது. புதியவர் முன்கூட்டிக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். முடித்த பிறகே கொடுக்கலாம், அதுவும் விருப்பம் இருந்தால். ‘விபாசனா’ என்ற பெயரில் முன்பணம் கேட்டு, அறைக்கு ஒரு விலை, ஏசி அறைக்கு ஒரு விலை என்று யாராவது பட்டியல் அனுப்பினால் அது வேறு ஏதோ நிகழ்ச்சி. அது நன்றாகவே இருக்கலாம், ஆனால் இங்கே சொல்வது அதுவல்ல.

உங்கள் கையிலிருந்து போவது பயணச் செலவு, சில சாமான்கள், துணி துவைக்கக் கொடுக்கும் வசதி இருந்து அதைப் பயன்படுத்தினால் அதற்கான தொகை. நாள்கூலிக்காரருக்கும் சொந்தக் கடை வைத்திருப்பவருக்கும் உண்மையான செலவு 12 நாள் வருமானம்தான். ‘இலவசம்’ என்று சொல்லும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். இப்படிப்பட்டவர்கள் அந்தத் தொகையை ஒதுக்கி வைத்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்ற கவலையோடு உள்ளே உட்கார்ந்தால் பத்து நாளும் அந்தக் கவலையின் மீதுதான் தியானம் நடக்கும்.

கடைசி நாள் நன்கொடை கொடுத்தால் ரசீது வாங்குங்கள். வருமான வரியில் நன்கொடைக்கான (80ஜி) சலுகை கோரும் எண்ணம் இருந்தால் அந்த மையத்துக்கு அது உண்டா என்று கேட்டுக்கொண்டு, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்; ரொக்கத்துக்கு அந்த வரம்புக்கு மேல் சலுகை கிடையாது.

7. கைப்பேசி இல்லாத 12 நாளுக்கு வீட்டை ஒழுங்குபடுத்துவது

முகாமுக்குள் கைப்பேசி கிடையாது. பதிவின்போது வாங்கி வைத்துவிடுவார்கள். இதைக் கேட்டதும் எல்லோரும் ‘ஆஹா, நிம்மதி’ என்பார்கள். அந்த நிம்மதிக்கு முன்வேலை இருக்கிறது.

மின் கட்டணம், கடன் தவணை, கடன் அட்டை நிலுவை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றில் எவை அந்த நாள்களில் வருகின்றன என்று பார்த்து முன்பே செலுத்துங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கும் எந்த வேலையையும் அந்த இடைவெளியில் வைக்காதீர்கள். கைப்பேசித் திட்டம் நடுவில் முடிகிறதா என்றும் பாருங்கள். அலுவலக மின்னஞ்சலில் தானியங்கிப் பதில் போடும்போது ‘குறைவாகத் தொடர்பில் இருப்பேன்’ என்று மழுப்பாமல், ‘இந்தத் தேதி வரை தொடர்புகொள்ளவே இயலாது, அவசரத்துக்கு இன்னாரை அணுகவும்’ என்று எழுதுங்கள்.

வீட்டாருக்கு மைய அலுவலகத்தின் எண்ணைக் கொடுங்கள். உண்மையான அவசரம் என்றால் அவர்கள் அங்கே அழைக்கலாம். முகாம் மேலாளர் வந்து உங்களிடம் சொல்வார். சொல்லாதவரை எல்லாம் நலம் என்று பொருள். இதை அம்மாவிடமும் மனைவியிடமும் கணவரிடமும் இரண்டு முறை விளக்குங்கள். ‘பத்து நாள் பேசவே மாட்டாயா’ என்ற கேள்வி தமிழ் வீடுகளில் சாதாரணமாக அடங்குவதில்லை. பாட்டி இருக்கும் வீடுகளில் ‘சாமியாராகப் போகிறான்’ என்ற சேதி தெருவுக்கே போய்விடும்.

8. பையில் என்ன

உறுதிக் கடிதத்தின் அச்சுப்படி, அடையாள அட்டையின் அசலும் நகலும், மருந்துச் சீட்டு, மருந்துகள் 12 நாளுக்கும் கூடுதலாக இரண்டு நாளுக்கும். இவை கைப்பையில் இருக்கட்டும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றை மையம் தருமா, நீங்கள் கொண்டுபோக வேண்டுமா என்பது மையத்துக்கு மையம் மாறும். உறுதிக் கடிதத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள்.

உடை தொளதொளவென்று, எளிதாக. அரைக்கால் சட்டை, இறுக்கமான உடை, மெல்லிய துணி ஆகியவற்றை அனுமதிப்பதில்லை. வேட்டி, குர்தா, சுடிதார் எல்லாம் சரி. சரசரக்கும் துணிகளை வீட்டிலேயே விடுங்கள். மௌனமான அரங்கில் அந்தச் சத்தம் எத்தனை பேரைத் துன்புறுத்தும் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கொலுசும் வளையலும் அப்படித்தான். ஐந்தாறு செட் போதும், கையால் துவைத்துக்கொள்ளலாம்.

டார்ச், குடை, தண்ணீர் பாட்டில், எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு, சிறிய அலாரக் கடிகாரம். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கைப்பேசியை ஒப்படைத்த பிறகு நேரம் பார்க்க அறையில் வேறு எதுவும் இருக்காது. பெண்கள் நாப்கின்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாள்களிலும் எல்லா அமர்வுகளும் வழக்கம்போல் உண்டு, யாரும் ஒதுக்கிவைப்பதில்லை.

கொசுவுக்கு ஏற்பாடு தேவை. உயிர்க்கொலை செய்யாமை அங்கே ஏற்கும் ஐந்து ஒழுக்கங்களில் முதலாவது. கையை ஓங்கிவிட்டு அது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்துவது புதியவர் எல்லோருக்கும் நேரும். வாசனை குறைந்த கொசு விரட்டிக் களிம்பு எடுத்துச் செல்லுங்கள். வாசனைத் திரவியம், வாசனை எண்ணெய் கூடாது.

புத்தகம், குறிப்பேடு, பேனா, ஜபமாலை, சாமி படம், தின்பண்டம் எதுவும் வேண்டாம். முறுக்கை ஒளித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மௌன விடுதியில் முறுக்கைக் கடித்துப் பாருங்கள், புரியும்.

9. உள்ளே

பதிவு பெரும்பாலும் பிற்பகலில். நீங்கள் முன்னதாகவே, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய்ச் சேருவது நல்லது. படிவத்தை மீண்டும் சரிபார்ப்பார்கள். கைப்பேசியையும் விலையுயர்ந்த பொருள்களையும் ஒப்படைப்பீர்கள். அறை எண் கிடைக்கும். மாலையில் எளிய உணவு, விதிகள் பற்றிய விளக்கம், பிறகு மௌனம் தொடங்கும். அது பத்தாம் நாள் முற்பகல் வரை நீடிக்கும். பேச்சு மட்டுமல்ல, சைகை, கண் ஜாடை, துண்டுச்சீட்டு எதுவும் கிடையாது. ஆசிரியரிடம் பயிற்சி பற்றியும், மேலாளரிடம் தேவைகள் பற்றியும் பேசலாம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மௌனம் காக்க வேண்டியதில்லை.

நாள் இப்படிப் போகும். நான்கு மணிக்கு எழுப்பும் மணி, 4:30 முதல் 6:30 வரை தியானம், காலை உணவு, எட்டு மணிக்கு எல்லோரும் கட்டாயம் அரங்கில் அமரும் ஒரு மணி நேரம், 9 முதல் 11 வரை மறுபடி, 11 மணிக்கு மதிய உணவு, 12 முதல் 1 வரை ஓய்வும் ஆசிரியரைச் சந்திக்கும் நேரமும், 1 மணி முதல் 5 வரை தியானம், அதில் 2:30 அமர்வு கட்டாயம், 5 மணிக்குத் தேநீர், 6 மணிக்கு மீண்டும் கட்டாய அமர்வு, 7 மணிக்கு உரை, அதன்பின் சிறிய அமர்வு, 9:30க்கு விளக்கணைப்பு. வழிகாட்டுதல் எல்லாம் ஒலிப்பதிவில் வரும். நேரில் இருக்கும் ஆசிரியர் சந்தேகம் தீர்ப்பவர்.

மாலை ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் பொரி போன்ற ஏதாவது ஒன்றும் தேநீரும் கிடைக்கும். அதன்பின் காலை வரை ஒன்றுமில்லை. இரவு இட்லி இல்லாமல் உறக்கம் வராதே என்று பயப்பட வேண்டாம். உட்கார்ந்தே இருக்கும் உடம்புக்குப் பசி குறைவு. ஆனால் பயந்துகொண்டு 11 மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டால் பிற்பகல் முழுவதும் தூக்கமும் ஏப்பமும்தான். முக்கால் வயிறு போதும். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே மேலாளரிடம் உணவு ஏற்பாட்டைப் பேசி முடித்துவிட வேண்டும். மலச்சிக்கல் நிறையப் பேருக்கு வரும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், இடைவேளைகளில் நடைபாதையில் நடந்துகொண்டே இருங்கள்.

முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். மூக்குத் துவாரத்தையும் மேல் உதட்டுக்கு மேலுள்ள சிறு பகுதியையும் கவனிக்கச் சொல்வார்கள். மனம் ஒரு நிமிடம்கூட நிற்காது. கல்லூரியில் யாரோ சொன்ன வார்த்தை, என்றோ பார்த்த விளம்பரப் பாட்டு, கொடுத்து வராத கடன் எல்லாம் வரிசையாக வரும். அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். மனம் அலைந்தது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புவதுதான் அங்கே செய்ய வேண்டிய வேலை முழுவதும்.

நான்காம் நாள் பிற்பகலில் விபாசனா தொடங்குகிறது. தலையிலிருந்து கால்வரை உடலின் ஒவ்வொரு பகுதியிலும் என்ன உணர்ச்சி இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவது. சூடு, அரிப்பு, குத்தல், மரத்துப்போதல், துடிப்பு எதுவானாலும் சரி. பிடித்ததைப் பிடித்துக்கொள்ளாமல், பிடிக்காததைத் தள்ளாமல் பார்க்க வேண்டும். அப்போதிலிருந்து ஒரு நாளில் மூன்று அமர்வுகளில் கண், கை, கால் மூன்றையும் திறக்காமல் ஒரு மணி நேரம் இருக்கும் உறுதியை ஏற்கச் சொல்வார்கள். வலி உச்சத்துக்கு வருவது இங்கேதான்.

இந்த இடத்தில் நிதானம் தேவை. அசையாமல் இருப்பதால் வரும் வலி எழுந்து நடந்த சில நிமிடங்களில் போய்விடும். நடந்தும் போகாத வலி, முழங்காலில் வீக்கம், காலில் மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் குத்தல் இருந்தால் அது வேறு வகை. வீரம் காட்டாமல் ஆசிரியரிடம் சொல்லி நாற்காலி கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு இரண்டாந்தரத் தியானம் என்று எங்கும் விதி இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் முதல் நாளே கேட்டுவிடலாம்.

ஓடிவிடலாம் என்று தோன்றும் நாள்களாகப் பெரும்பாலோர் சொல்வது இரண்டாம் நாளையும் ஆறாம் நாளையும். அது வந்தால் அன்றைக்கு முடிவெடுக்காமல் மறுநாள் மதியச் சந்திப்பு வரை தள்ளிப்போடுங்கள்; அதற்குள் அலை கடந்திருக்கும். ஆனால் இரவு இரவாகத் தூக்கமே வராமல் போவது, அடங்காத பீதி, இல்லாத குரல் கேட்பது, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் போன்றவை வந்தால் தள்ளிப்போடக் கூடாது. அந்த நிமிடமே மேலாளரை எழுப்புங்கள், வெளியேற வேண்டும் என்றால் வெளியேறுங்கள். எழுதிக் கொடுத்த உறுதிமொழி உங்கள் உடல்நலத்துக்கு மேற்பட்டதல்ல.

தூக்கம் குறைவது மட்டும் என்றால் கவலை வேண்டாம். நாள் முழுவதும் உடல் ஓய்வில் இருப்பதால் பலருக்கு அங்கே ஐந்து மணி நேரமே போதுமானதாக இருக்கும்.

பத்தாம் நாள் முற்பகலில் எல்லா உயிர்களுக்கும் நலம் விழையும் பயிற்சி முடிந்ததும் மௌனம் கலையும். அதுவரை முகம் பார்க்காமல் பக்கத்தில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். அந்த இரைச்சல் தலையைச் சுற்றவைக்கும். சற்றுத் தள்ளிப்போய் உட்காருங்கள்.

10. வெளியே வந்த பிறகு

பதினோராம் நாள் காலை உணவு, அறையைச் சுத்தம் செய்வது எல்லாம் முடிந்து வெளியே வர எட்டு மணியாவது ஆகும். திரும்பும் ரயிலை முற்பகல் 11க்குப் பின் எடுங்கள். பைக்கில் நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஹாரன் சத்தமே அன்றைக்குக் காதில் அறைவதுபோல் இருக்கும். பஸ்ஸில் போவது நல்லது. கைப்பேசியைத் திறந்ததும் வீட்டாருக்கு ஒரு அழைப்பு, அதோடு அணைத்துவிடுங்கள். குவிந்திருக்கும் நூற்றுக்கணக்கான செய்திகளில் உங்களுக்காகக் காத்திருந்தவை நான்கோ ஐந்தோதான். அந்தத் திங்கள்கிழமை விடுப்பு இதற்காகத்தான்.

இரண்டு வாரம் வரை எல்லாம் இலேசாக இருக்கும். பலரும் இந்த இலேசைத்தான் பலன் என்று எண்ணிக்கொண்டு, அது கரைந்ததும் ‘ஒன்றும் மாறவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் பலன் வேறோர் இடத்தில் இருக்கிறது. அலுவலக மேலாளரின் காட்டமான மின்னஞ்சல் வருகிறது என்று வையுங்கள். கோபம் என்று பெயர் வைப்பதற்கு முன்பே மூச்சு குட்டையாகிறது, தாடை இறுகுகிறது, நெஞ்சில் சூடு பரவுகிறது. முன்பெல்லாம் இது தெரியாது. பதில் அனுப்பிய பிறகுதான் தெரியும். இப்போது உடம்பு முன்கூட்டியே சொல்கிறது. அந்தச் சூட்டை நாலைந்து மூச்சு நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அது தானே தணியத் தொடங்குகிறது. பதிலைப் பிற்பகலில் எழுதலாம் என்ற யோசனைக்கு இடம் கிடைக்கிறது. அன்றாட அழுத்தத்துக்கு இந்த முறை தருவது இந்தச் சிறு இடைவெளியைத்தான். கடன் தவணை குறையாது, மேலாளரும் மாறமாட்டார்.

இந்த இடைவெளி நிலைக்க வேண்டும் என்றால் தினமும் உட்கார வேண்டும். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்பது அவர்கள் சொல்லும் அளவு. சமையலும் பள்ளி வேனும் அலுவலகமும் உள்ள வீட்டில் இது எத்தனை பேருக்கு நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் முடியவில்லை என்ற குற்ற உணர்ச்சியில் முழுவதையும் கைவிடுவதைவிட, காலையில் அரை மணி நேரத்தை விடாமல் வைத்திருப்பது மேல். வீட்டார் எழுவதற்கு முன், கைப்பேசியைத் தொடுவதற்கு முன் உட்காருங்கள். எழுந்ததும் கைப்பேசியைத் தொட்டால் அன்றைய அமர்வு போயிற்று.

வீட்டில் இருப்பவர்களுக்கு உபதேசம் செய்யாதீர்கள். 12 நாள் வீட்டைத் தனியாகச் சுமந்தவர் அவர்கள். வந்த முதல் வாரம் பாத்திரம் துலக்குவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் உங்கள் பங்கு. அடுத்த முகாமுக்கு விடுப்பு கேட்கும்போது இந்தக் கணக்குதான் எடுபடும்.

பழைய மாணவர் ஆகிவிட்டதால் ஒரு நாள் முகாம்களும் வாராந்தரக் கூட்டு அமர்வுகளும் இப்போது உங்களுக்குத் திறந்திருக்கின்றன. மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் முகாமுக்குப் போய்வருவது, தளர்ந்துபோன காலைப் பழக்கத்தைச் சீராக்க நல்ல வழி. அதற்கும் பெயர் பதிவு செய்ய வேண்டும்; முதல் முகாம் எந்த மையத்தில், எந்தத் தேதியில் முடித்தீர்கள் என்று படிவத்தில் கேட்பார்கள். உறுதிக் கடிதத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.